பேப்பரில் ஒரு தப்பு வைக்கிறவர்

ராயபுரத்தில் எனக்குத் தெரிந்து மூன்று பேனா வைத்துக்கொண்டு திரிந்த ஆள் அவர் ஒருவர்தான். நீலம் எழுத. கறுப்பு கையெழுத்துக்கு. சிவப்பு அவருக்கில்லை, அதிகாரிக்கு. அதிகாரி மேசையில் சிவப்புப் பேனா இருக்காது, இருந்தாலும் எழுதாது, அதைத் தேடிக்கொண்டு அவர் எழுந்து போனால் நம் வேலை கெட்டது என்பார். அதற்காகவே நல்லதாக ஒன்று வாங்கி வைத்திருந்து, மூடியைக் கழற்றி, இரண்டு கையாலும் நீட்டுவார், கோயிலில் தட்டு நீட்டுகிற மாதிரி. நானே பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வெளியே வந்து துப்பியும் இருக்கிறேன்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. பிள்ளைகுட்டிக்காரர். பெர்மிட்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

என் தொழில் பெட்டி அடிப்பது. கப்பலில் போகிற சாமானுக்கு மரப்பெட்டி. மெஷின், கல்லு, சாமி சிலை, மேளதாளம், எதுவாக இருந்தாலும் அளவெடுத்து அடித்துக் கொடுப்பேன். கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை. பள்ளிக்கூடம் போனதில்லை. தமிழைச் சுவரொட்டி பார்த்துக் கற்றுக்கொண்டேன், இங்கிலீஷ் வராது. ஆனால் எண்ணத் தெரியும். ஒரு பெட்டிக்கு எத்தனை ஆணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பெட்டிக்குள் போகிற சாமானுக்கு மட்டும் பேப்பர் கேட்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், பெட்டிக்கே பேப்பர் உண்டு. பலகையைச் சூளையில் வைத்துச் சூடேற்றி, பூச்சி செத்தது என்று முத்திரை குத்தினால்தான் கப்பலில் ஏற்றுவார்கள். எங்கள் ஊர் பூச்சி அந்த ஊருக்குப் போகக்கூடாதாம். அந்த ஊர் கழிவெல்லாம் கண்டெய்னர் கண்டெய்னராக எங்கள் பக்கம் வந்து இறங்கலாம், அது பரவாயில்லை. சரி, அந்தப் பேச்சு வேறு.

பெர்மிட்காரர் வேலை இன்னும் நுணுக்கமானது, சாமானுக்கு வேண்டிய பேப்பரை எழுதி அதிகாரியிடம் கையெழுத்து வாங்கித் தருவது. வாத்தியம் வெளிநாட்டுக்குப் போகவேண்டும் என்றால், அது என்ன மரம் என்று கேட்பார்கள். பலா மரத்தில் செய்த மிருதங்கம் என்றால் தொந்தரவில்லை. ஈட்டி மரம், சீசம் மரம் என்றால் பிடித்துக்கொள்வார்கள். உலகத்தில் அந்த மரம் குறைந்துபோகிறது என்று எல்லா நாட்டுக்காரனும் சேர்ந்து சட்டம் போட்டுவிட்டான். மரம் எங்கே வாங்கினாய், யாரிடம் வாங்கினாய், எத்தனை வாத்தியம், என்ன எடை என்று கேட்டு, ஒருவர் நேரில் வந்து பார்த்து, சான்றிதழ் கொடுத்தால்தான் போகும். முடிந்த வாத்தியங்களுக்கு அப்புறம் கொஞ்சம் தளர்த்திவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். நான் சொல்வது தளர்த்துவதற்கு முன்னால், ஏழெட்டு வருஷம் இருக்கும்.

மரத்தைப் பற்றி அவருக்கு ஒரு எழவும் தெரியாது. தேக்குக்கும் வேம்புக்கும் வித்தியாசம் கேட்டால் விலையைச் சொல்வார். அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. எந்தப் பேப்பர் எழுதினாலும் அதில் ஒரு தப்பு வைப்பார். தெரியாமல் இல்லை, வேண்டுமென்றே.

முதல்முதலில் நான் அதைக் கண்டது யானைக்கவுனி சேட்டு ஒருவர் அனுப்பிய தபேலாக்களின்போது. என் கொட்டகையில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருந்தார். சேட்டு பின்கோடைச் சொல்ல, இவர் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு வேறொன்றை எழுதினார். இங்கிலீஷ் எழுத்துதான் எனக்கு வராது, எண் வரும்.

"சார், அவரு சொன்னது வேற, நீ எழுதனது வேற."

"தெரியும் மேஸ்திரி. கம்முனு இரு."

சேட்டு போன பிறகு சொன்னார். "பேப்பர்ல தப்பு இல்லன்னு வச்சிக்க, அதிகாரி இன்னா பண்ணுவான்? திருப்பித் திருப்பிப் படிப்பான். படிச்சா சந்தேகம் வரும். இத்த கேளு, அத்த கேளும்பான். ஒரு சின்ன தப்பு வையி. மொத பக்கத்துலயே வையி. கண்டுபுடிச்சிட்டான்னா அவனுக்கு வேல முடிஞ்சிபோச்சி. சந்தோசமா கையெழுத்துப் போட்டுக் குடுப்பான்."

"நீ நேரா எழுதிட்டா நேரா போய்ட்டு நேரா வராதா?"

"நீ பெட்டி அடி மேஸ்திரி."

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார், பெட்டி முத்திரைக்கு நான் பதில் சொல்லவேண்டி இருந்தது. அதிகாரி பேப்பரை எடுத்தார். இவர் கையைக் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றார். அதிகாரியின் விரல் வரிவரியாகப் போய் அந்தப் பின்கோடில் நின்றது. "இன்னாய்யா இது? இந்தப் பின்கோடுல யானைக்கவுனி எங்க கீது?" அவ்வளவுதான், இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "ஐயோ! ஐயா கண்ணுல மாட்டாதது எதுவும் இல்ல" என்று நாக்கைக் கடித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவை நீட்டினார். அதிகாரி ஒரு வட்டம் போட்டார், பெரிய வட்டம். மீதி நாலு பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. சேட்டு சரக்குக்குச் சாயந்திரமே சான்றிதழ் வந்தது.

வெளியே வந்ததும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. என்னமோ மலையைப் பெயர்த்துவிட்ட மாதிரி. எனக்கு ரெண்டு பேர் மேலும் வந்தது கோபம். ஒருவன் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறான், இன்னொருவன் அவன் படிக்காமல் இருப்பதற்காக எழுதுகிறான். படிக்காத நான் ஒருத்தன்தான் அங்கே யோக்கியன்.

இதை அவர் ஆபீசோடு விட்டிருந்தால் சரி. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தார். எனக்கும் வைத்தார், வாங்கிப் படித்தேன், நல்ல மஞ்சள் பத்திரிகை. ரெண்டு நாள் கழித்துப் பார்த்தால் தெருவே அதைப் பற்றித்தான் பேசுகிறது. மாப்பிள்ளையின் பெரியப்பா பெயர் விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பெரியப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர், கோபக்காரர். நான் போய் இவரிடம் கேட்டேன்.

"ஆமா, நான்தான் வுட்டேன்" என்றார், வெற்றிலையை மடித்துக்கொண்டே. "மாப்ள வூட்டுக்காரங்க எதுனா ஒரு கொற சொல்லித்தான் தீருவாங்க. சாப்பாடு சரியில்ல, மால வாடிப்போச்சி, சம்பந்தி மரியாத குடுக்கல. அது என் பொண்ணு மேல வுழும். இது என்மேல வுழும். மண்டபத்துல போய்க் கால்ல வுழுந்துடுவேன், முடிஞ்சிச்சி."

சொன்ன மாதிரியே விழுந்தார். பெரியப்பா இவரைத் தூக்கி நிறுத்தி, பெருந்தன்மையாகத் தோளில் தட்டினார். சாம்பாரில் உப்பே இல்லை, நான் சாப்பிட்டேன், எனக்குத் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் இன்றைக்கு வரைக்கும் மாமியார் வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று கேள்வி. அதையும் அவர் தன் கணக்கில் எழுதிக்கொண்டிருப்பார்.

என்னையும் விடவில்லை. ஒரு தடவை என் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரொம்ப சோக்கா கீதே மேஸ்திரி. ஒரு ஆணிய கொஞ்சம் வளச்சி வையேன்" என்றார்.

"எதுக்கு?"

"செக் பண்றவன் அத்த பாத்துட்டு, தட்டி வைக்கச் சொல்லுவான். தட்டி வச்சிட்டா போச்சி. இல்லன்னா பெட்டிய தொறன்னுவான்."

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். "சார், வளஞ்ச ஆணி அடிக்கறவன்னு நான் பேர் வாங்கறதவிட, அவன் பத்து வாட்டி தொறந்து பாத்துட்டு மூடட்டும்."

"உனுக்கு வியாபாரம் தெரில" என்று சொல்லிவிட்டுப் போனார். என் அப்பா உப்பு மூட்டை தூக்கியவர், அவரும் என்னை அப்படித்தான் சொல்லுவார். அப்பா சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனது. ஆபீஸில் போய் நிற்கிற வேலை பாதிக்குமேல் போய்விட்டது. வீட்டில் உட்கார்ந்து தட்டி அனுப்பினால் போதும் என்றார்கள். இவரும் தட்டக் கற்றுக்கொண்டார், ஒரு விரலால். முதலில் கம்ப்யூட்டருக்கும் பின்கோடை மாற்றிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அது சிவப்பில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டது. கொட்டகைக்கு வந்து அதை என்னிடம் காட்டி, "பாத்தியா, இதுவும் கண்டுபுடிக்குது!" என்று சந்தோஷப்பட்டார். ஆனால் கம்ப்யூட்டருக்கு இவரைத் தெரியாது. கன்னத்தில் போட்டுக்கொண்டால் அதற்கென்ன? திரும்பவும் வரிசையில் கடைசியில் நிற்க வைத்தது. நாலு நாள் போனது. அதிலிருந்து கம்ப்யூட்டரில் ஒழுங்காகத் தட்டிவிட்டு, நேரில் பார்க்க வருகிறவருக்கு என்று காகிதத்தில் மட்டும் தப்பு வைக்க ஆரம்பித்தார். ஒரு மனுஷனுக்காவது தீனி போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

அப்போதுதான் சுகந்தி வந்தாள்.

எர்ணாவூரில் மாற்று வீடு கொடுத்தார்களே, அங்கே மூன்றாவது மாடி. அதற்கு முன்னால் வியாசர்பாடி கால்வாய் ஓரம் இருந்தவர்கள். அவளும் அவள் அண்ணனும் டோலக் செய்கிறவர்கள். கானா பாடுகிற பையன்கள் எல்லாரும் அவளிடம்தான் தோல் மாற்ற வருவார்கள். சீசம் மரத்தைக் குடைந்து, ரெண்டு பக்கமும் தோல் கட்டி, தடித்த சத்தம் வருகிற பக்கத்துக்கு உள்ளே தாரும் களிமண்ணும் குழைத்த மசாலா பூசி, போல்ட்டு முறுக்கிச் சுதி சேர்ப்பாள். பத்து வருஷமாக அவள் செய்ததை யானைக்கவுனியில் ஒரு கடை வாங்கி, தன் ஸ்டிக்கரை ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஊர்களில் எல்லாருக்கும் கடை பெயர் தெரியும். இவளை ஒருவருக்கும் தெரியாது.

குளிர் தேசம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம். அதன் டீச்சர் இங்கே வந்தபோது எப்படியோ இவளைக் கண்டுபிடித்து, நேராக இவளிடமே பன்னிரண்டு டோலக் கேட்டிருக்கிறார். இது நன்றாக வந்தால் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களும் வாங்கும் என்று சொன்னாராம். ஒவ்வொரு டோலக்கின் இடுப்பிலும் கம்பியைக் காய்ச்சி அவள் தன் பெயரைச் சுட்டு வைத்திருந்தாள். அதற்குக் கீழே ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்.

"நைனா, ஒண்ணுகூட ஒண்ணு இடிக்கக் கூடாது. மொத மொத என் பேர்ல போவுது" என்றாள் என்னிடம்.

பன்னிரண்டு அறை வைத்துப் பெட்டி அடித்தேன், உள்ளே வைக்கோல் மெத்தை. மரம் வாங்கிய பில் எல்லாம் சுத்தமாக வைத்திருந்தாள். ஒளிக்க ஒன்றுமில்லாத சரக்கு. அதைத்தான் கவனிக்கவேண்டும். பேப்பர் எழுதியது பெர்மிட்காரர்தான், தன் வித்தையைக் காட்ட அவருக்கு அங்கே வேலையே கிடையாது.

நேரில் பார்க்க ஒரு சின்ன வயசு அதிகாரி கொட்டகைக்கு வந்தார். காதில் ஒயர். பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். ஒன்று ரெண்டு என்று எண்ணினார், போனில் நாலு படம் எடுத்தார். இவர் பட்டியலை நீட்டினார், கூடவே சிவப்புப் பேனா. அதிகாரி பேனாவை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, தன் பேனாவில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஜீப்பில் ஏறப் போனார்.

பெர்மிட்காரர் பின்னாலேயே ஓடினார். "ஐயா, ஒருவாட்டி நல்லா பாத்துடுங்களேன்..."

"பாத்தாச்சி சார்."

"ரெண்டாவது வரி ஐயா..."

"எல்லாம் ஓகே சார். நீங்க ஏன் டென்ஷன் ஆவறீங்க?" என்று சொல்லிவிட்டு ஜீப் போயேபோய்விட்டது. எண்ணூர் பக்கம் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற நேரம், அதற்குள் நுழைந்து மறைந்தது. இவர் நடுத்தெருவில் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். இந்த ஆள் ஏன் ஜீப்புக்குப் பின்னால் ஓடுகிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. திரும்பி வந்து என்னிடமும் கையெழுத்து வாங்கினார், பெட்டி அடித்தவர் என்ற இடத்தில். பன்னிரண்டு என்று எண் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் போட்டேன்.

எண்ணில் பன்னிரண்டு என்று இருந்தது. பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் பதினொன்று என்று இருந்தது. அதுதான் அவர் வைத்த தப்பு.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒரு நாள் வேலை, புதுப் பட்டியல் எழுதி மறுபடி முத்திரை வாங்கியிருக்கலாம். துறைமுக கேட்டில் பார்ப்பார்கள் என்று இருந்திருக்கிறார். அங்கே பார்க்கவில்லை. ஏற்றுகிறபோது பார்ப்பார்கள் என்று இருந்திருக்கிறார். அங்கேயும் பார்க்கவில்லை. இவருக்கு ஆயுசு முழுக்கத் தெரிந்தது, தப்பை அடுத்தவன் கண்டுபிடிப்பான், அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் என்பது. யாரும் கண்டுபிடிக்காத தப்பை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கப்பல் போய்விட்டது. அது போய்ச் சேருகிற மூன்று வாரமும் இவர் டீக்கடைக்கு வந்தார், வெற்றிலை போட்டார், ஊர்க்கதை பேசினார்.

கம்ப்யூட்டரில் தட்டியது இங்கேயே நின்றது, பெட்டியோடு போனது முத்திரை குத்திய அந்தப் பட்டியல்தான். அந்தக் குளிர் தேசத்தில் ஒருவன் அதைப் படித்தான். அங்கே உட்கார்ந்து தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒருவன். எண்ணும் எழுத்தும் வேறாக இருந்தால் எழுத்தில் இருப்பதுதான் செல்லும் என்பது அவர்கள் முறையாம். பதினொன்றுக்குத்தான் சான்று இருக்கிறது, பெட்டியில் பன்னிரண்டு இருக்கிறது. அப்படியானால் ஒன்று திருட்டு மரம். பெட்டியை நிறுத்திவிட்டான்.

சுகந்தி எர்ணாவூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். முகத்தைப் பார்த்ததுமே பெர்மிட்காரரை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். அவர் வந்து உட்கார்ந்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"ஏன் சார் அப்டி எழுதன?"

"ஏதோ கை தவறிப்..."

"நைனா எல்லாம் சொல்லிட்டாரு. நீ கை தவறி எழுதற ஆளே கெடையாதாமே."

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

"நல்லதுக்குதாம்மா பண்ணேன்" என்றார். "இருவது வருசமா இப்டித்தான். ஒருத்தன் பாத்திருந்தான்னா..."

"நீ பாத்தியே சார். உன் கண்ணு கண்ணு இல்லியா?"

அவர் பையைத் திறந்து அந்த ஊரிலிருந்து வந்த மெயிலை எடுத்தார், அச்சடித்து வைத்திருந்தார். படித்துச் சொன்னார். பிழை எங்கே நடந்தது என்று சொல்லவேண்டும். பன்னிரண்டில் சான்று இல்லாத டோலக் எது என்று எண்ணைக் குறித்துக் கொடுக்கவேண்டும். அந்த ஒன்றை எடுத்து அழித்துவிடுவார்கள், பதினொன்று பள்ளிக்கூடத்துக்குப் போகும். முடியாது என்றால் மொத்தமும் திரும்பி வரும்.

எது சான்று இல்லாததாம்! ஒரே மரத்தில், ஒரே பில்லில், ஒரே கையால் செய்தது பன்னிரண்டும். இதைக் கேட்டவனை நான் குறை சொல்லமாட்டேன். காகிதத்தில் இருப்பதை அவன் நம்பினான். காகிதத்தை நம்புகிறவன் ஒருவன் உலகத்தில் இருப்பான் என்று எங்கள் ஆளுக்குத் தோன்றியதே இல்லை.

"மொதல்ல பிழை எங்கன்னு போடணும்" என்றார் பெர்மிட்காரர், செல்போனைத் தட்டிக்கொண்டே. "பெர்மிட் எழுதனதுல தப்புன்னு போட்டா இங்க விசாரண வெப்பாங்க. ரெண்டு மூணு மாசம் ஆவும். அதுவரிக்கும் பெட்டி அங்கியே கெடக்கும். பேக்கிங்ல எண்ணும்போது தப்புன்னு போட்டா ரெண்டு நாள்ல வுட்ருவான்."

பேக்கிங் என்றால் நான். புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் முந்திக்கொண்டாள்.

"அது வேணாம் சார். நைனா எண்ணி வச்சாரு, நான் பக்கத்துல இருந்தேன்."

விசாரணை வந்தால் பெர்மிட்காரர் லைசென்ஸ் போகும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ரெண்டு மாசம் பெட்டி கிடந்தால் பள்ளிக்கூடம் கைவிட்டுப் போகும், டீச்சர் போவார், அவள் பெயர் போகும். அதுவும் தெரியும். அந்தக் குளிரில் தோல் என்ன ஆகுமோ, அது வேறு.

"எனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு போடு சார். எண்ணத் தெரியாதுன்னு போடாத" என்றேன்.

"அப்டில்லாம் நம்ம இஷ்டத்துக்கு எழுத முடியாது மேஸ்திரி. அவனே நாலு காரணம் குடுத்துகிறான், அதுல ஒண்ணத்தான் தொடணும்."

"அப்பன்னா தொட்டுத் தொல."

தொட்டார். கடல் தாண்டி ஏதோ ஒரு ஆபீஸில், ராயபுரத்தில் பெட்டி அடிக்கிற கிழவன் ஒருவனுக்குப் பன்னிரண்டு வரைக்கும் எண்ணத் தெரியாது என்று இன்றைக்கும் எழுதியிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தாலே நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நம்பர் சொல்லும்மா" என்றார். "ஏதோ ஒண்ணு. எது சுமாரா வந்துச்சோ அத்த சொல்லு."

"சுமாரா எதுவும் வரல."

"அட, இருக்கறதுல மோசமானது."

"இருக்கறதுல மோசமானது நீதான் சார்" என்றாள். சத்தம் போடாமல், மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள்.

பிறகு டீச்சருக்குப் போன் போட்டாள். படத்தோடு பேசுகிற போன். அங்கே காலை, இங்கே உச்சி வெயில். டீச்சர் அந்தக் கிடங்கிலேயேதான் இருந்தார், பக்கத்தில் கம்பளிச் சட்டை போட்ட அந்த அதிகாரியும் நின்றான். உயரமான ஆள், என் பெட்டியின் மூடியைப் பத்திரமாகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான், ஒரு பலகை உடையவில்லை. சுகந்தி ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டச் சொன்னாள். டீச்சர் தட்டினார். ஒன்று. ரெண்டு. வெளியே லாரி ஹார்ன் அடித்தால் மறுபடி தட்டச் சொன்னாள். எங்கள் கொட்டகையில் ரம்பம், சுத்தியல் எல்லாம் நின்றது. போனை ஒரு பெட்டிமேல் நிறுத்திவைத்து, அதன் பக்கம் காதைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்டாள். அஞ்சாவதைக் கேட்டுவிட்டு லேசாக முகம் சுளித்தாள், குளிரில் கொஞ்சம் தளர்ந்திருந்தது போல. அதைத்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். பெர்மிட்காரரும் விரலைத் தயாராக வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டும் முடிந்தது. "ஒம்பத இன்னொருவாட்டி" என்றாள். டீச்சர் தட்டினார். போன் வழியாகவே, அந்த ஓட்டைப் போன் வழியாகவே, அந்தத் தடித்த பக்கத்துச் சத்தம் வந்து கொட்டகைத் தகரத்தில் நின்றது. அந்த அதிகாரிகூடத் திரும்பிப் பார்த்தான்.

"ஒம்பது" என்றாள்.

"ஏம்மா, அது நல்லாத்தான கீது?"

"அதான் இருக்கறதுலயே நல்லது."

"அப்பறம்? அஞ்சப் போடும்மா. அஞ்சாவது தளந்துபோய்க் கீதுன்னு எனுக்கே தெரியுது."

"அஞ்சுக்கு போல்ட்ட ஒரு முறுக்கு முறுக்கனா போதும், டீச்சர்கிட்ட சொல்லிக்கறேன்" என்றாள். "அழிக்கிறவன் சும்மா அழிப்பானா? ஒருவாட்டி தட்டிப் பாப்பான். எவனா இருந்தாலும் தட்டிப் பாப்பான். என் பேரு போட்டதுல அவன் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அது நல்லதா கேக்கட்டும்."

பெர்மிட்காரர் செல்போனில் ஒன்பது என்று தட்டினார். தட்டிவிட்டு என் பக்கம் குனிந்து, அவளுக்குக் கேட்காது என்று நினைத்து, "வியாபாரம் தெரியாத பொண்ணு" என்றார்.

பதினொன்று போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் டீக்கடையில் அவர் புதிதாக ஒரு ஆளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். எப்பேர்ப்பட்ட சிக்கல், மொத்தச் சரக்கும் போயிருக்கவேண்டியது, எப்படிப் பேசி மீட்டேன் தெரியுமா, ஒண்ணே ஒண்ணுதான் போச்சு, அதுவும் ஓட்டை டோலக் என்றார். என்னைப் பார்த்ததும், "கேட்டுப் பாரு, மேஸ்திரிதான் சாட்சி" என்று எனக்கும் ஒரு டீ சொன்னார்.

"எனுக்குத்தான் எண்ணவே தெரியாதே சார்" என்று சொல்லிவிட்டு, அவர் சொன்ன டீ வருவதற்கு முன்னால் எழுந்து வந்துவிட்டேன்.